1492: ஈதர்நெட் வீட்டுக்குள் நுழைந்த கதை

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு எம்.டி.யூ. என்ற ஒரு கட்டம் கண்ணில் பட்டிருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிற பிராட்பேண்ட் இணைப்பு என்றால் அதில் பெரும்பாலும் 1492 என்று இருக்கும். அலுவலக நெட்வொர்க்கில் அதே இடத்தில் 1500 இருக்கும். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் எத்தனை பைட் தரவு போகலாம் என்பதற்கான வரம்பு அது. 1500 என்பது கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் ஈதர்நெட் முறை வகுத்த எல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அதில் 8 பைட் குறைந்துவிடுகிறது. ஏன் குறைகிறது என்று தேடிப்போனால், டெலிபோன் கம்பிக்கும் கம்ப்யூட்டர் கம்பிக்கும் இடையே பல பத்தாண்டுகள் நடந்த ஒரு போட்டிக்குள் போய்ச் சேர்கிறோம். ஈதர்நெட்டின் வேரே டெலிபோன் லைனைத் தவிர்க்கும் முயற்சியில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வருவதற்கு அது அதே டெலிபோன் லைனைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஹொனலூலுவில் இருந்தது. அதன் கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. டெலிபோன் லைனில் தரவு அனுப்பச் செலவு அதிகம், தரமும் போதவில்லை. பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவும் ரேடியோவைக் கையில் எடுத்தார்கள். 1971 ஜூனில் அலோகாநெட் ஓடத் தொடங்கியது. வேகம் வினாடிக்கு 9600 பிட். எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில்தான் அனுப்ப வேண்டும். யாருக்கு எப்போது முறை என்று சொல்ல ஆள் கிடையாது. அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பிவிடலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் சிதைந்துபோகும். கிடைத்தது என்ற பதில் வராது. பதில் வராதவர் சற்று நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொரு முனையமும் தன் போக்கில் தேர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படி ஓடும் தடத்தின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் உருப்படியாகப் பயன்படும். ஆனாலும் வேலை நடந்தது. காவல்காரர் இல்லாமலே ஒரு பொதுத் தடத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை உலகம் அங்கே கண்டது.

அந்த நேரத்தில் ஹார்வர்டில் பாப் மெட்காஃப் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கோட்பாடு போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அதற்குள் வேலை கிடைத்திருந்தது. 1972இல் வேலையாக வாஷிங்டன் போனவர், நண்பர் ஸ்டீவ் கிராக்கர் வீட்டில் தங்கிய ஓர் இரவில் மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டினார். ஆப்ராம்சனின் கட்டுரை அதில் இருந்தது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்கள் ஒரே கதியில் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்கள் என்ற அனுமானத்தில் அதன் கணக்கு நின்றது. நிஜத்தில் பதில் வராதவர் காத்திருப்பாரே என்று மெட்காஃபுக்குத் தோன்றியது. நெரிசல் கூடும்போது காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் தடம் குலையாமல் நிற்கும் என்று காட்டினார். அந்தப் பகுதி சேர்ந்த ஆய்வேட்டை 1973இல் ஹார்வர்ட் ஏற்றுக்கொண்டது.

ஜெராக்ஸில் அவருக்கு வாய்த்த வேலை ஒரு கட்டடத்துக்குள் அடங்குவது. ஆளுக்கொரு ஆல்டோ கம்ப்யூட்டர் வரப்போகிறது, லேசர் பிரின்டர் வரப்போகிறது. எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். 1973 மே 22 அன்று தட்டச்சு செய்து, கையால் படம் வரைந்து அவர் சுற்றுக்கு விட்ட குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. அதுவரை அதை ஆல்டோ அலோகா நெட்வொர்க் என்றே அழைத்துவந்தார்கள். ரேடியோவின் இடத்தில் ஒரு கோஆக்சியல் கேபிள். அனுப்பும் முன் யாராவது அனுப்புகிறார்களா என்று கேட்க வேண்டும். அனுப்பும்போதும் கேட்டுக்கொண்டே இருந்து, மோதினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அலோகாநெட்டில் வீணான நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு விதிகளாலேயே மிச்சமாயிற்று. இதைக் கருவியாகச் செய்துகாட்டியவர் டேவிட் பாக்ஸ். ஸ்டான்ஃபோர்டு மாணவர், ஹாம் ரேடியோக்காரர், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர். அந்த ஆண்டு நவம்பரில் முதல் ஈதர்நெட் ஓடியது. வேகம் 2.94 மெகாபிட். இந்த விநோத எண்ணுக்குக் காரணம் ஆல்டோவின் கடிகாரம். அதன் ஒரு துடிப்பு 170 நானோ வினாடி, ஒரு பிட்டுக்கு இரண்டு துடிப்பு ஒதுக்கினார்கள், வகுத்தால் 2.94 வந்துவிடும். தனியாக ஒரு கடிகாரம் வைக்கும் செலவு மிச்சம். மெட்காஃபுக்கு 2022ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. பாக்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். ஈதர்நெட்டைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் வேகத்துக்கான விவரக்குறிப்பை வெளியிட்டன. 1983இல் அது ஐ.இ.இ.இ. 802.3 என்ற தரமாயிற்று. அப்போதைய கேபிளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விரல் பருமன், பெரும்பாலும் மஞ்சள் நிறம், வளைக்கவே வராது. ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம். இரண்டரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும்தான் துளையிட்டு நடுக்கம்பியைத் தொடும் ஊசியை இறுக்கலாம். பிறகு மெல்லிய கேபிள் வந்தது. விலை குறைந்தது, ஆனால் வரிசையில் ஒரு இணைப்பு கழன்றால் அந்தத் துண்டில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும். யார் மேசைக்கு அடியில் கழன்றிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். இதே காலத்தில் ஐ.பி.எம். முன்னிறுத்திய டோக்கன் ரிங், ஆளுக்கு ஆள் முறை வைத்து ஒழுங்காக ஓடியது, நெரிசலிலும் தடுமாறாது. அதையும் மீறி ஈதர்நெட் வென்றதற்குக் காரணம் விலை, பல நிறுவனங்கள் செய்து விற்றது, அதோடு தன் உடம்பை அடிக்கடி மாற்றிக்கொள்ள அது தயங்காதது.

உடம்பு மாறிய கட்டங்களில் பெரியது 1990. அமெரிக்க அலுவலகங்களில் டெலிபோனுக்காகச் சுவருக்குள் முறுக்கிய ஜோடிக் கம்பிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிலேயே 10 மெகாபிட் அனுப்பலாம் என்று சினாப்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் காட்டிவிட்டன. அந்த ஆண்டு அது தரமாகவே ஏறியது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு தனி ஒயர், எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். ஒருவருடைய ஒயர் அறுந்தால் அவருக்கு மட்டும்தான் நஷ்டம்.

இந்த மாற்றத்தின் தழும்பை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஈதர்நெட் ஒயரின் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்குக்குள் எட்டுக் கம்பிகள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கிரிம்ப்பிங் டூல் பிடிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதை ஒப்பிப்பான். ஆரஞ்சு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, பழுப்பு ஜோடியும் அப்படியே. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் நிற்கிறது. நடுவில் நீல ஜோடி புகுந்திருக்கிறது. பிளக்கின் நடு இரண்டு இடங்களும் டெலிபோனுக்கு உரியவை. சின்ன டெலிபோன் பிளக்கை இதே சாக்கெட்டில் செருகினால் அதன் கம்பிகள் நான்கிலும் ஐந்திலும்தான் வந்து உட்காரும். டெலிபோன் மணியடிக்கும்போது லைனில் பாயும் மின்னழுத்தம் நெட்வொர்க் கார்டு தாங்கக்கூடியது அல்ல. ஆகவே ஈதர்நெட் அந்த இரண்டு இடங்களையும் தொடாமல் 1, 2, 3, 6 என்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டது. 1995இல் 100 மெகாபிட் வந்தபோதும் அந்த நான்குதான். 1999இல் செம்புக் கம்பியில் ஜிகாபிட் வந்தபோதுதான் எட்டும் வேலைக்கு வந்தன.

இதில் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் ஸ்பீடு டெஸ்ட்டில் 94ஐத் தாண்டவில்லை என்று புலம்பும் வீடுகளில் பல நேரம் குற்றவாளி இந்த நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோதான். அதில் ஒரு கம்பி பிளக்குக்குள் சரியாகக் கடிபடாமல் இருந்தால், பல கருவிகள் ஜிகாபிட்டைக் கைவிட்டு 100க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, ஆகவே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும். ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருப்பது இன்னொரு காரணம். அதற்குப் பெட்டியை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

1990இல்தான் இன்னொன்றும் நடந்தது. வினோத் பரத்வாஜ் கூட்டாகத் தொடங்கிய கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயர் அவருடைய மனைவியின் பெயர். யாருக்கு வந்த பொட்டலமோ அவருடைய போர்ட்டுக்கு மட்டும் ஸ்விட்ச் அதை அனுப்பும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் வசதியும் பின்னால் சேர்ந்தது. அதோடு மோதல் என்பதே ஒழிந்துபோயிற்று. மெட்காஃபின் குறிப்பில் இருந்த கேபிளும் போய்விட்டது, பகிர்வும் போய்விட்டது, கேட்டுவிட்டு அனுப்பும் விதியும் தேவையற்றதாகிவிட்டது. 1980இல் வகுத்த பொட்டலத்தின் வடிவம் மட்டும் நிலைத்தது: யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டு 48 பிட் முகவரிகள், உள்ளே 1500 பைட்டுக்கு மிகாத சரக்கு, கடைசியில் பிழை பார்க்கும் எண். பத்து மெகாபிட்டில் பிறந்த பொட்டலம் பத்து ஜிகாபிட்டிலும் அப்படியே போகிறது. ஈதர்நெட்டின் பலம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தை வென்றாயிற்று. வீடு ஏன் அகப்படவில்லை? தூரம். முறுக்கு ஜோடியில் ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ வீட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தைக் கடந்தது ஏ.டி.எஸ்.எல். பெல்கோர் ஆய்வகத்தின் ஜோசஃப் லெக்லைடர், வீட்டுக்கு வருவது அதிகமாகவும் வீட்டிலிருந்து போவது குறைவாகவும் இருந்தால் பழைய செம்புக் கம்பியிலேயே நிறையக் கறக்கலாம் என்று காட்டினார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி அதை நடத்திக்காட்டும் வழியைத் தந்தார். மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும்; கம்பியோ அதற்கு மேல் ஒரு மெகாஹெர்ட்ஸ் வரைகூடத் தாங்கும். அந்த இடத்தைச் சின்னச் சின்னத் தடங்களாகப் பிரித்து, எந்தத் தடம் சுத்தமாக இருக்கிறதோ அதில் அதிக பிட்டும், இரைச்சல் உள்ளதில் குறைவாகவும் ஏற்றுவது அவருடைய முறை. மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து பிறகு நிலையாக எரியுமே, அந்த இடைவேளையில் நடந்தது இந்தத் தடப் பரிசோதனைதான்.

இந்தியாவில் 2004இல் வந்த பிராட்பேண்ட் கொள்கை, எப்போதும் இணைந்திருக்கும் 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கியது. டெலிபோன் பக்கத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர், அதிலிருந்து மோடம், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு மீட்டர் ஈதர்நெட் ஒயர். டயல்-அப் மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுக் காத்திருந்த வீடுகளுக்கு அது பெரிய விடுதலை. ஈதர்நெட் வீட்டுக்குள் வந்தும்விட்டது, அந்த ஒரு மீட்டருக்கு மட்டும்.

அந்த ஒரு மீட்டரைத் தாண்டியதும் நடந்ததுதான் விசேஷம். டெலிபோன் உலகம் தனக்கென்று ஏ.டி.எம். என்ற முறையை வகுத்து வைத்திருந்தது. பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குரல் தாமதமில்லாமல் போக வேண்டும் என்பதால் தரவைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டும் முறை அது. துண்டு எவ்வளவு பெரியது என்பதில் தகராறு வந்தது. ஐரோப்பியர்கள் 32 பைட் கேட்டார்கள், அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள், நடுவில் வெட்டி 48 என்று முடித்தார்கள். அதற்கு 5 பைட் தலைப்பு. 1500 பைட் ஈதர்நெட் பொட்டலம் ஒன்று மோடத்துக்குள் நுழைந்தால் 32 துண்டாகும். தலைப்புக்கு மட்டும் 160 பைட் போகும். எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் எங்கோ அத்தனை துண்டுகளையும் சேர்த்து மறுபடி பொட்டலம் ஆக்க வேண்டும். சந்துக்குள் லாரி நுழையாது என்று மணலைச் சட்டி சட்டியாகச் சுமந்து, சந்தின் மறுமுனையில் இன்னொரு லாரியில் கொட்டுவது மாதிரி. இரு முனையிலும் ஈதர்நெட், நடுவில் டெலிபோன் உலகம்.

8 பைட் காணாமல் போனதும் இங்கேதான். டயல்-அப் காலத்திலிருந்தே டெலிபோன் நிறுவனங்களிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, கணக்கு வைக்கும் சர்வர் எல்லாம் தயாராக இருந்தன. பிராட்பேண்டுக்காக அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை. டயல்-அப் பேசிய பி.பி.பி. என்ற நெறிமுறையை அப்படியே ஈதர்நெட் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும் வழி 1999 பிப்ரவரியில் வெளியானது. அதற்கு 6 பைட் தலைப்பு, உள்ளேயிருக்கும் பி.பி.பி.க்கு 2 பைட். 1500லிருந்து 8ஐக் கழித்தால் 1492. இது தெரியாத ரவுட்டரில் விநோதமான கோளாறு வரும். கூகுள் திறக்கும், மெயில் வரும், குறிப்பிட்ட ஒரு வங்கியின் பக்கம் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய பொட்டலம் எங்கோ தடுக்கப்பட்டு, அது பெரியது என்ற தகவலும் திரும்பி வராமல் போவதுதான் காரணம். அந்த ஒரு கட்டத்தில் எண்ணைத் திருத்தினால் எல்லாம் திறந்துகொள்ளும்.

நடுவிலிருந்த டெலிபோன் உலகம் கரைந்தது உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும். வெளியே இருந்தவர்கள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. ருமேனியாவில் 1990களின் கடைசியிலிருந்து அடுக்குமாடிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, பிளாக்குக்குப் பிளாக் கட்டி, விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் போட்ட நெட்வொர்க்குகள் பிறகு முழுப் பேட்டைகளுக்கும் இணையம் தந்தன. பின்னால் நிறுவனங்கள் அவற்றை வாங்கிக்கொண்டன. ஸ்வீடனில் 1999இலேயே அடுக்குமாடிகளுக்கு 10 மெகாபிட் ஈதர்நெட்டை நேரடியாகக் கொடுத்தது பிரெட்பண்ட்ஸ்போலாகெட் நிறுவனம். மிலான் நகரில் ஃபாஸ்ட்வெப் கண்ணாடி இழை போட்டது. ஏ.டி.எஸ்.எல்.லில் மற்றவர்கள் தவழ்ந்துகொண்டிருந்த நேரம் அது.

சென்னையிலும் மற்ற நகரங்களிலும் இதைச் செய்தவர்கள் கேபிள் டி.வி. ஆட்கள். மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் எட்டு போர்ட் ஸ்விட்ச், கீழ்வீட்டிலிருந்து கரன்ட். அங்கிருந்து மாடிக்கு மாடி, மரக்கிளைக்கு மேல், கம்பத்துக்குக் கம்பம் சாம்பல் நிற ஒயர். கட்டடத்துக்குள் போட வேண்டிய ஒயரை வெயிலிலும் மழையிலும் இழுத்தார்கள்; 100 மீட்டர் எல்லையை நீட்ட நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வைத்தார்கள். ஐப்பசி இடி மின்னலுக்கு மறுநாள் தெருவில் பாதி வீட்டுக்கு நெட் இருக்காது. கேபிள்காரர் ஏணியும் புது ஸ்விட்சுமாக வருவார். கருகிய பெட்டியைக் கழற்றுவார், புதியதைச் செருகுவார், போவார். எந்தப் பாடப்புத்தகமும் ஒப்புக்கொள்ளாத கட்டுமானம்தான். ஆனால் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குச் சுவரிலிருந்து நேராக ஈதர்நெட் ஒயர் வந்தது அவர்கள் கையால்தான். அவர்களுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு.

உள்ளேயிருந்து வந்த மாற்றத்துக்குத் தேதி சொல்லலாம். 2006இல், டி.எஸ்.எல். துறையின் கூட்டமைப்பான டி.எஸ்.எல். ஃபோரம், எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னாலிருக்கும் ஏ.டி.எம். வலையைக் கழற்றிவிட்டு ஈதர்நெட்டுக்கு மாறுவது எப்படி என்று டி.ஆர்-101 என்ற அறிக்கையை வெளியிட்டது. ஏ.டி.எம். ஸ்விட்சின் விலையும், பெருகிவரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாததும் துறையை அங்கே தள்ளின. அதே ஆண்டு வந்த வி.டி.எஸ்.எல்.2 என்ற புதிய டி.எஸ்.எல். வகையில் செம்புக் கம்பியிலேயே பொட்டலம் வெட்டுப்படாமல் போக வழி பிறந்தது. வாடிக்கையாளர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மோடம் அதே இடத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு முழு உலகம் காலியாகிக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணாடி இழை வந்து செம்பையே தேவையற்றதாக்கியது. இப்போது பல வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற இழை முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஓர் இழை வழியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பிரிக்கும் இடத்தில் கரன்ட் வேண்டாம், மின்னலுக்குப் பயம் இல்லை. கீழ்நோக்கி சுமார் 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி அதில் பாதி, எல்லாம் அந்த வீடுகளுக்குப் பொது. ஒரே தடத்தைப் பலர் பகிரும் ஹவாய்ப் பிரச்சினை இங்கே திரும்பி வருகிறது. இந்த முறை எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்கித் தருகிறது. இழைக்குள் போவதோ ஈதர்நெட் பொட்டலம். வீட்டில் இழை வந்து முடியும் பெட்டியிலிருந்து வெளியே வருவதும் ஈதர்நெட். பல நிறுவனங்கள் யூசர்நேம், பாஸ்வேர்டு முறையை இதிலும் விடவில்லை.

வெளியே வேலை முடிந்துவிட்டது. தேக்கம் இப்போது வீட்டுக்குள். வரவேற்பறை மூலையில் பெட்டியை மாட்டிவிட்டு, மூன்று சுவர் தாண்டிய படுக்கையறையில் வைஃபை வரவில்லை என்று கஷ்டப்படுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பல வீடுகளில் அறைக்கு அறை டெலிபோன் பாயின்ட் உண்டு. சுவருக்குள் அதற்கென்று பைப்பும் உண்டு. அந்த டெலிபோன் ஒயரை முனையில் கட்டி இழுத்தே, அதன் பின்னால் கேட்-6 வகை ஈதர்நெட் ஒயரைக் கொண்டுவந்துவிடலாம். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பைப் நசுங்கியிருந்தால் நடக்காது, ஆனால் முயன்று பார்க்காமல் சுவரை உடைக்க வேண்டாம். வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கிறது, பிளக்கில் சீக்கிரம் முறிந்துபோகிறது. கரன்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்கக் கூடாது. ஏற்கெனவே கேட்-5இ ஒயர் போட்டிருப்பவர்கள் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. 2016இல் வந்த தரப்படி அதே ஒயரில், அதே 100 மீட்டருக்கு, 2.5 ஜிகாபிட் போகும். மாற்ற வேண்டியவை இரு முனையிலும் இருக்கும் பெட்டிகள் மட்டுமே.